அரைஉலோகப் படிகங்கள்: வத்திராயிருப்பிலிருந்து வைல் புள்ளி வரை

(முட்டுக்காட்டில் மாணவர்களும் ஆசிரியர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கிருந்து காயலைத் தாண்டித் தென்மேற்கே போனால் கேளம்பாக்கம் உப்பளங்கள். அங்கே விளையும் உப்பும் படிகம்தான். வெயிலும் காற்றும் தண்ணீரை எடுத்துக்கொண்டு போக, சோடியமும் குளோரினும் ஒன்றுவிட்டு ஒன்றாக வரிசை கட்டி உட்கார்ந்துவிடுகின்றன. அந்தக் கல் உப்பில் மின்சாரம் பாயாது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு விலகும், அவ்வளவுதான்.

நான் பேச வந்திருக்கும் படிகங்கள் வேறு சாதி. அவற்றில் மின்சாரம் பாயும். ஆனால் செம்பில் பாய்வதுபோல அல்ல. நியோபியம் பாஸ்பைடு என்று ஒரு படிகம். 1.85 கெல்வின் வரை குளிரவைத்து 9 டெஸ்லா காந்தப்புலத்தில் வைத்தால், அதன் மின்தடை 8,50,000 விழுக்காடு ஏறுகிறது. அதாவது 8,500 மடங்கு. 2015இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இதை அளந்து வெளியிட்ட குழுவின் முதல் ஆசிரியர் சந்திர சேகர் என்ற இந்தியர். செம்பை அதே புலத்தில் வைத்தால் இப்படி எதுவும் நடக்காது.

இவற்றை இடத்தியல் அரைஉலோகங்கள் என்கிறோம். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திடப்பொருள் இயற்பியலில் இவற்றின் பேச்சுத்தான். "இதெல்லாம் பிரின்ஸ்டனிலும் பெய்ஜிங்கிலும் நடக்கிற விஷயம், நமக்கு என்ன?" என்று நம் கல்லூரிகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்பை இன்று கொஞ்சம் கலைக்கப் பார்க்கிறேன். இந்தத் துறையின் இரண்டு வேர்களை வெட்டிப் பார்த்தால் இரண்டு தமிழர்கள் தென்படுகிறார்கள். இரண்டு பேரும் பெரிய கருவி எதையும் வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்யவில்லை.

முதலாமவர் கே. எஸ். கிருஷ்ணன். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். இராமன் விளைவைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுவது நம் வழக்கம். 1928ஆம் ஆண்டின் கடைசியில் அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1933இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார். அந்த ஆண்டுகளில் அவர் விடாமல் செய்த வேலை படிகங்களின் காந்தப் பண்பு பற்றியது. என்னைக் கேட்டால், அவருடைய ஆகப் பெரிய பங்களிப்பு அதுதான்.

அவர் செய்த சோதனையைக் கேளுங்கள். ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒட்டி, மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட வேண்டும். படிகம் தனக்கு ஏற்ற திசையில் திரும்பி நின்றுவிடும். இப்போது இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போக வேண்டும். படிகம் அடம்பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அசையும். 45 பாகை திரும்பியதும் பிடி விட்டுப்போகும், சட்டென்று சுழன்றுவிடும். அதுவரை இழையை எவ்வளவு முறுக்கினோம் என்ற அந்தக் கோணமும், இழையின் முறுக்க மாறிலியும், புலத்தின் வலிமையும், படிகத்தின் எடையும் தெரிந்தால் போதும். படிகத்தின் ஒரு திசைக்கும் இன்னொரு திசைக்கும் காந்த ஏற்புத்திறன் எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். விலை உயர்ந்த பொருள் என்று அதில் காந்தம் ஒன்றுதான். மற்றதெல்லாம் கைப்பழக்கமும் பொறுமையும்.

இந்த வழியில் அவர் அளந்த படிகங்களில் ஒன்று கிராஃபைட். பென்சிலுக்குள் இருக்கும் அதே கரிமம். இலங்கையின் போகலா, கஹட்டகஹ சுரங்கங்களில் நாளம் நாளமாக வெட்டி எடுக்கிறார்களே, அது. கிராஃபைட்டில் கரிம அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னி ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். ஏட்டின் தளத்திலேயே காந்தப்புலம் போனால் கிராஃபைட், உப்பைப் போலக் காந்தத்தை விட்டு லேசாக விலகும் சாதாரண டயா காந்தப் பொருள்; அதன் ஏற்புத்திறன், சி.ஜி.எஸ். அலகில் ஒரு கிராமுக்கு, பத்து லட்சத்தில் அரைப் பங்கு. ஏட்டுக்குச் செங்குத்தாகப் புலம் போனாலோ அது பத்து லட்சத்தில் 22 பங்கு ஆகிவிடுகிறது. ஒரே கல், ஒரே காந்தம். திசை மாறினால் நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஏன் என்று கிருஷ்ணன் கேட்டார். சக ஆய்வாளர் கங்குலியோடு சேர்ந்து 1941இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் எழுதிய கட்டுரை அதற்கு விடை தேடுகிறது. காந்தப்புலத்தில் கட்டற்ற எலெக்ட்ரான்கள் வட்டமிடுவதால் டயா காந்தத் தன்மை வரும் என்று லாண்டாவ் 1930இல் சொல்லியிருந்தார். கிராஃபைட்டின் எலெக்ட்ரான்கள் ஏட்டின் தளத்தில் கட்டற்று ஓடுபவையாகவும், ஏட்டுக்கு ஏடு தாவுவதில் மிகக் கனமானவையாகவும் நடந்துகொள்கின்றன. ஆகவே ஏட்டுக்குள் வட்டமிடுவது எளிது, அதனால்தான் அந்தத் திசையில் இவ்வளவு விலக்கம் என்பது அவர்கள் விளக்கம்.

ஆறு ஆண்டு கழித்து, 1947இல், பிலிப் வாலஸ் கிராஃபைட்டின் ஆற்றல் பட்டைகளைக் கணக்கிட்டார். 1956இல் மெக்ளூர் அதை வைத்து டயா காந்தத் தன்மைக்குப் புது விளக்கம் கொடுத்தார். கிருஷ்ணனின் எண்கள் அப்படியே இருந்தன. எலெக்ட்ரானைப் பற்றிய படம்தான் மாறியது. அந்தப் புதுப்படம்தான் நம் பேச்சின் மையம். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

படிகத்துக்குள் எலெக்ட்ரான்கள் நினைத்த ஆற்றலில் இருக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட ஆற்றல்கள் பட்டைகளாகச் சேர்ந்திருக்கும். கீழ்ப்பட்டை நிரம்பி, மேல்பட்டை காலியாகி, நடுவே இடைவெளி இருந்தால் அது காப்புப் பொருள். நம் உப்பு அப்படி. இடைவெளி சிறியதென்றால் குறைக்கடத்தி. ஒரு பட்டை பாதியே நிரம்பியிருந்தால் உலோகம். இவை எதிலும் சேராமல், மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் எங்கோ ஒரு சில இடங்களில் தொட்டுக்கொண்டோ, லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ இருந்தால் அதுதான் அரைஉலோகம். மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான்கள் அதில் மிகக் குறைவு. செம்பில் ஏறக்குறைய அணுவுக்கு ஒன்று. பிஸ்மத்தில் லட்சம் அணுவுக்கு ஒன்று.

கிராஃபைட்டின் ஒற்றை ஏட்டை எடுத்துக்கொண்டால் பட்டைகள் புள்ளியில் தொடுகின்றன. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் எலெக்ட்ரானின் ஆற்றல் அதன் உந்தத்துக்கு நேர் விகிதத்தில் ஏறுகிறது. நிறையுள்ள பொருளுக்கு அப்படி ஏறாது, ஒளிக்குத்தான் ஏறும். 1928இல் டிராக் எழுதிய சமன்பாட்டில் நிறையைச் சுழியாக்கினால் கிடைப்பது இதுதான். அந்த ஒற்றை ஏட்டை 2004இல் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் ஒட்டும் நாடாவால் உரித்து எடுத்தார்கள். கிராஃபீன் என்று பெயராகி, 2010இல் நோபல் பரிசும் வந்தது. கிராஃபைட் கட்டியை இன்றைய பட்டியல்களில், நான் பின்னால் சொல்லப்போகும் வைல் அரைஉலோகம் என்று எவரும் எழுத மாட்டார்கள். ஏடுகள் ஒன்றோடொன்று ஊடாடும்போது கதை கொஞ்சம் குழம்பிவிடுகிறது. ஆனால் பட்டைகள் தொடும் இடத்தில் காந்தப் பண்பு வீங்கி நிற்கும் என்பதை ஒரு குவார்ட்ஸ் இழையை வைத்து இந்திய மண்ணில் அளந்தாயிற்று. எதை அளக்கிறோம் என்பதற்குப் பெயரே இல்லாத காலத்தில் அது நடந்தது.

பிஸ்மத் என்றேன். அதற்கும் ஒரு கதை உண்டு. 1930இல் ஹாலந்தின் லைடன் நகரில், பிஸ்மத்தின் மின்தடை காந்தப்புலம் ஏற ஏற அலைபோல ஏறி இறங்குவதை ஷுப்னிகோவும் டி ஹாஸும் கண்டார்கள். எலெக்ட்ரான்களின் வட்டப்பாதைகளைக் குவாண்டம் விதி கட்டுப்படுத்துவதன் அடையாளம் அது. இன்றைக்கும் அரைஉலோக ஆய்வின் முதன்மைச் சோதனை இதுவே. மற்றவர்களுக்குத் தென்படாதது இவர்களுக்கு ஏன் தென்பட்டது? ஷுப்னிகோவ் படிகம் வளர்ப்பவர். பிஸ்மத்தை மீண்டும் மீண்டும் சுத்தம் செய்து, அதுவரை இல்லாத தரத்தில் வளர்த்து எடுத்தார். அழுக்கான படிகத்தில் எலெக்ட்ரான் ஒரு வட்டம் முடிப்பதற்குள் எதன்மீதாவது மோதிவிடும், அலை அழிந்துவிடும். அந்த மனிதரை 1937இல் ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது. அவர் பெயர் மட்டும் தினமும் ஏதோ ஒரு ஆய்வகத்தில் உச்சரிக்கப்படுகிறது.

இரண்டாவது வேருக்கு வருகிறேன். பஞ்சரத்தினம். 1934இல் பிறந்தவர், சர் சி. வி. இராமனின் சகோதரி மகன். பெங்களூரில் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில், படிகங்கள் வழியே போகும் முனைவுற்ற ஒளியை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1956இல், இருபத்திரண்டு வயதில், ஒரு முடிவுக்கு வந்தார். ஒளியின் முனைவு நிலையை ஒன்றிலிருந்து இரண்டாவதுக்கும், அதிலிருந்து மூன்றாவதுக்கும் மாற்றி, மீண்டும் முதல் நிலைக்கே கொண்டுவந்தாலும், ஒளி பழைய கட்டத்துக்குத் திரும்புவதில்லை. ஒரு கட்ட வேறுபாடு மிஞ்சுகிறது. முனைவு நிலைகளை ஒரு கோளத்தின் மேல் புள்ளிகளாகக் குறித்தால், அந்த மூன்று புள்ளிகளும் அடைக்கும் முக்கோணத்தின் திண்மக் கோணத்தில் சரிபாதி அந்த மிச்சம். எவ்வளவு வேகமாகப் போனோம், எவ்வளவு நேரம் ஆனது என்பதற்கெல்லாம் அங்கே வேலையில்லை. போன பாதையின் வடிவம் மட்டும்தான் கணக்கு.

1984இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயக்கவியலில் இதே உண்மையைப் பொதுவாக நிறுவினார். உலகம் பெர்ரி கட்டம் என்றது. பஞ்சரத்தினம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒளியில் இதைக் கண்டவர் என்று ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் 1986இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எடுத்துக்காட்டினார்கள். பெர்ரியும் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். அதைக் கேட்கப் பஞ்சரத்தினம் இல்லை; 1969இலேயே, 35 வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் காலமாகிவிட்டார்.

படிகத்துக்குள் இதற்கு என்ன வேலை? எலெக்ட்ரானின் உந்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, பட்டைகள் தொடும் புள்ளியைச் சுற்றி ஒரு வளையம் போட்டுத் திரும்பினால், அதன் அலையிலும் ஒரு கட்டம் மிஞ்சுகிறது. கிராஃபீனில் அது பை என்ற அளவு. முப்பரிமாணப் படிகத்தில், தொடும் புள்ளியைச் சுற்றி ஒரு மூடிய பரப்பை வரைந்து, அதன் ஒவ்வொரு சிறு துண்டையும் சுற்றி மிஞ்சும் கட்டத்தையெல்லாம் கூட்டி, இரண்டு பையால் வகுத்தால் எப்போதும் ஒரு முழு எண்தான் வரும். 1929இல் ஹெர்மன் வைல் எழுதிய சமன்பாட்டின்படி எலெக்ட்ரான் நடந்துகொள்ளும் அந்த இடத்தைத்தான் வைல் புள்ளி என்கிறோம்.

முழு எண் என்பதில்தான் சூட்சுமம். ஒன்று என்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து சுழியாக முடியாது. நம் முட்டுக்காட்டு முகத்துவாரத்தைப் பாருங்கள்; கடலும் காயலும் தொட்டுக்கொள்ளும் அந்த வாயை மணல் திட்டு மூடிவிடுகிறது, வடகிழக்குப் பருவமழை வந்து திறந்துவிடுகிறது. வைல் புள்ளியை அப்படி மூட முடியாது. படிகத்தை அழுத்தலாம், லேசாக வளைக்கலாம், கொஞ்சம் அசுத்தம் சேர்க்கலாம். புள்ளி இடம் பெயருமே தவிர அழியாது. இந்த அழியாத தன்மைதான் இடத்தியல் என்ற பெயருக்குக் காரணம். எதிர்க்குறியுள்ள இன்னொரு புள்ளியோடு அதைக் கொண்டுபோய் மோதவைத்தால்தான் இரண்டும் ஒழியும். படிகத்தில் இவை எப்போதும் இணையாகவே பிறக்கின்றன என்று நீல்சனும் நினோமியாவும் 1980களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள்.

2011இல் அஷ்வின் விஸ்வநாத்தும் சக ஆய்வாளர்களும் இரிடியம் ஆக்சைடு படிகங்களில் இப்படிப்பட்ட புள்ளிகள் இருக்கலாம் என்று கணித்தார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர் அவர். 2014இல் சோடியம் பிஸ்மத்தைடிலும் காட்மியம் ஆர்சனைடிலும் டிராக் சமன்பாட்டைப் பின்பற்றும் வகையும், 2015இல் டான்டலம் ஆர்சனைடில் வைல் வகையும் சோதனையில் கண்டாயிற்று. நம் நாட்டிலும் வேலை நடக்கிறது: சிர்கோனியம் சிலிகன் சல்ஃபைடு பற்றிக் கொல்கத்தா சாகா நிறுவனத்தினர் 2017இல் வெளியிட்ட கட்டுரையை இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள்.

இப்போது காந்தம். கோபால்ட் மூன்று, வெள்ளீயம் இரண்டு, கந்தகம் இரண்டு என்ற கணக்கில் சேர்ந்த ஒரு படிகம் இருக்கிறது. அதில் கோபால்ட் அணுக்கள் அமர்ந்திருக்கும் கோலம் உங்களுக்குத் தெரிந்ததே. மூங்கில் பத்தைகளை மூன்று திசையில் ஓட்டி, அறுகோணக் கண் விட்டுப் பின்னும் கூடையைப் பார்த்திருப்பீர்கள். கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தில் பார்க்கலாம். பத்தையும் பத்தையும் குறுக்கிடும் இடமெல்லாம் ஒரு கோபால்ட் அணு. காகோமே வலை என்று 1951 முதல் இயற்பியலில் வழங்கும் அமைப்பு இது. 177 கெல்வினுக்குக் கீழே, அதாவது சுழிக்குக் கீழே 96 டிகிரி செல்சியஸில், இந்தப் படிகம் காந்தமாகிறது. காந்தமானதும் பட்டைகள் பிரிந்து வைல் புள்ளிகள் பிறக்கின்றன. புறக்காந்தப்புலமே இல்லாமல் மின்னோட்டம் பக்கவாட்டில் ஒதுங்குகிறது. நேராகப் போவதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு. 2018இல் இதை அளந்தார்கள், 2019இல் அதன் மேற்பரப்பு எலெக்ட்ரான்களைப் படம் பிடித்து உறுதி செய்தார்கள். மாங்கனீசும் வெள்ளீயமும் சேர்ந்த இன்னொரு படிகம் அறை வெப்பநிலையிலேயே இதைச் செய்கிறது. நினைவகச் சில்லுகளுக்கு ஆகும் என்று எழுதுகிறார்கள். ஆகலாம். இன்றைக்குக் கடையில் வாங்கும் எந்தப் பொருளிலும் வைல் புள்ளி வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

யூரோப்பியம் ஒன்று, காட்மியம் இரண்டு, ஆர்சனிக் இரண்டு சேர்ந்த ஒரு காந்தப் படிகம். 2019 முதல் இதைத்தான் மிக எளிய, மிக அழகான காந்த வைல் அரைஉலோகம் என்று கொண்டாடினார்கள். ஒரே ஒரு சோடி வைல் புள்ளி. வேறு குழப்பம் கிடையாது. கணினிக் கணக்கும் அப்படியே சொன்னது, ஒளிமின் உமிழ்வுச் சோதனையும் அதற்கு ஒத்துப்போவதாகத் தோன்றியது. கட்டுரைகள் குவிந்தன. 2023இல், முன்னதைவிடத் தூய படிகங்களை எடுத்து அகச்சிவப்பு ஒளியில் சோதித்த ஒரு குழு, இது அரைஉலோகமே அல்ல, 0.77 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளி உள்ள குறைக்கடத்தி என்று அறிவித்தது. பழைய படிகங்களில் அசுத்தம் கொடுத்த கூடுதல் மின்சுமைகளால் அவை உலோகம்போல நடித்திருந்தன. பட்டைகள் தொடவே இல்லை. நான்கு ஆண்டுக் கொண்டாட்டத்தை நல்ல படிகம் முடித்துவைத்தது.

இது ஒன்று மட்டுமல்ல. மின்புலமும் காந்தப்புலமும் ஒரே திசையில் இருந்தால் வைல் படிகத்தின் மின்தடை குறையும் என்பது கோட்பாடு. குறைவதைப் பார்த்துவிட்டால் உடனே கட்டுரை எழுதிவிடும் பழக்கம் பரவியது. எலெக்ட்ரான்கள் மிக வேகமாக நகரும் படிகத்தில், வெள்ளிப் பசையால் கம்பி ஒட்டிய இடம் சற்றுத் தள்ளிப்போனாலே மின்னோட்டம் நடுவில் தாரையாகக் குவிந்து, அதே குறைவைப் போலியாகக் காட்டும். கம்பியை நான்கு விதமாக மாற்றி ஒட்டிப் பார்க்காத எந்த அளவீட்டையும் நான் நம்புவதில்லை. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2019இல் ஒரு பெரிய கணினிப் பட்டியல் வந்தது. தெரிந்த படிகப் பொருள்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஏதோ ஒரு வகையில் இடத்தியல் தன்மை உடையவை என்றது அது. ஆக, எங்கே தேடுவது என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. தட்டுப்பாடு படிகத்துக்குத்தான். அதைக் கணினி வளர்த்துத் தராது.

படிகம் வளர்ப்பதில் தமிழ்நாட்டுக்குப் பெயர் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம் 1982இல் தொடங்கியது. காயலுக்கு அந்தப் பக்கம், காலவாக்கத்தில், எஸ்.எஸ்.என். கல்லூரியில் பேராசிரியர் பி. ராமசாமி உருவாக்கிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சங்கரநாராயணனும் அவரும் 2005இல் வெளியிட்ட வழிமுறை, கரைசலிலிருந்து ஒரே திசையில் நீளமாகப் படிகம் வளர்ப்பது, இருவர் பெயராலும் வழங்குகிறது. அந்தப் பாசறைகளில் பயின்றவர்கள் இன்று மாநிலமெங்கும் கல்லூரிகளில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். இவர்களில் மிகப் பலர் கண்ணாடிக் குடுவையில் கரைசல் வைத்து, மெதுவாக ஆவியாக்கி, ஒளியியலுக்கான கரிமப் படிகங்களையே மாற்றி மாற்றி வளர்க்கிறார்கள். ஒரு அமினோ அமிலம், ஒரு உப்பு, ஒரு கட்டுரை. முப்பது ஆண்டாக இது நடக்கிறது. கையில் இருக்கும் திறமை பெரியது, அதைச் செலவிடும் இடம் சிறியதாகிவிட்டது. அந்தத் திறமையை உலோகப் படிகங்களின் பக்கம் திருப்ப வேண்டும்.

பெரிய செலவு என்று பயப்பட வேண்டாம். வெப்பநிலையை மணிக்கு ஒன்றிரண்டு டிகிரியாக இறக்கக்கூடிய ஒரு மின்னுலை, அலுமினா மூசை, காற்றை உறிஞ்சி வாயை உருக்கி மூடிய குவார்ட்ஸ் குழாய். உருகிய வெள்ளீயத்தையோ ஈயத்தையோ தண்ணீருக்குப் பதில் கரைப்பானாக வைத்துக்கொள்வது ஒரு வழி. தேவைக்கு மேலுள்ள உருக்கை, சூடு ஆறுவதற்குள் குழாயைக் கவிழ்த்துச் சுழற்றிப் பிரித்துவிட்டால் படிகம் தங்கும். குழாயின் ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைச் சற்றுக் குளிராகவும் வைத்து, அயோடின் ஆவியால் பொருளைச் சுமந்து போகவைப்பது இன்னொரு வழி. ஆர்சனிக், காட்மியம் பக்கம் முதலில் போகாதீர்கள், நஞ்சு. பிஸ்மத், கோபால்ட்-வெள்ளீயம்-கந்தகம், சிர்கோனியம் சிலிகன் சல்ஃபைடு என்று தொடங்கலாம். கந்தகம் உள்ள குழாயை அவசரப்பட்டுச் சூடாக்கினால் ஆவி அழுத்தத்தில் வெடித்துவிடும். நாள்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். பரபரப்பானவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

வளர்த்ததை எங்கே அளப்பது? இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கல்பாக்கம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய ஆய்வாளர்கள் 2014இல், பிஸ்மத் செலினைடு படிகத்தில் செலினியம் விட்டுப்போன காலி இடங்களைப் பாசிட்ரான்களைக் கொண்டு துழாவி, அதோடு ஷுப்னிகோவ் அலைகளையும் அளந்து, இரண்டையும் சேர்த்துக் கட்டுரை எழுதினார்கள். குறை எங்கே, அதன் விளைவு எங்கே என்று இரண்டு முனையிலிருந்தும் பார்க்கும் இந்த மாதிரி வேலைதான் நமக்கு வேண்டும். மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டில் யு.ஜி.சி.-டி.ஏ.இ. அறிவியல் ஆய்வுக் கூட்டமைப்பின் கல்பாக்கம் பிரிவு இயங்குகிறது. பல்கலைக்கழகத்தாரும் கல்லூரியாரும் தங்களிடம் இல்லாத பெரிய கருவிகளைப் பயன்படுத்துவதற்கென்றே அமைந்தது அந்தக் கூட்டமைப்பு. அதன் இந்தூர் மையத்தில் தாழ்வெப்பநிலை, உயர்காந்தப்புல வசதிகளும் உள்ளன.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்துச் சேரும் ஆய்வு மாணவருக்கு இன்னொரு ஒளியியல் படிகத்தைக் கொடுக்காதீர்கள், ஒரு மூசையையும் கொஞ்சம் வெள்ளீயத்தையும் கொடுங்கள். மாணவர்களே, முதல் ஓராண்டு கட்டுரை எதுவும் வராது, அதற்காகக் கலங்க வேண்டாம். படிகம் தேறியதும் எக்ஸ்-கதிர்ப் படத்தை இணைத்துக் கொக்கிலமேட்டுக்கு விண்ணப்பம் எழுதுங்கள்.